பேராலயங்களைக் காண ஐரோப்பா பயணமா? முதலில் நாள்களை எண்ணுங்கள்

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து ஐரோப்பாவை நிதானமாகச் சுற்றிவர நினைப்போர் முதலில் பார்ப்பது விமானக் கட்டணத்தை. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை.

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இல்லாமலேயே ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா செல்லலாம். ஆனால், எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதில் மொத்தம் 90 நாள்கள்தான் தங்க முடியும். பிரான்சுக்கு 90, ஜெர்மனிக்கு 90 என்று தனித்தனிக் கணக்கு கிடையாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை 1இல் இறங்கி, “மூன்று மாதம்தானே” என்று செப்டம்பர் 30இல் கிளம்பினால் அது 92 நாள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் படிப்படியாகப் பதிவாகின்றன. எனவே, கூடுதலாகத் தங்கியது கணினியிலேயே தெரிந்துவிடும். ஷெங்கனைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இன்னும் சில வாரம் கூடுதலாகச் சுற்ற ஆசை என்றால் இங்கிலாந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கேன்டர்பரி, டர்ஹாம் பேராலயங்களுக்காக அங்கே செலவிடும் நாள்கள் ஷெங்கன் கணக்கில் வராது. அதற்கு மின்னியல் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

பிரான்சில் பாரிசை மையமாக வைத்துக்கொள்வது வசதி. 2019இல் தீப்பிடித்த நோத்ர டாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை; அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் முன்பதிவும் இலவசம். “நுழைவுச்சீட்டு” என்று பணம் கேட்கும் மற்ற தளங்களிடம் ஏமாறக் கூடாது. கோபுரம் ஏறக் கட்டணம் உண்டு.

பாரிசிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் சார்த்ர் இருக்கிறது. அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரின்போது அவற்றைக் கழற்றி மறைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நீலத்தைக் காண நல்ல வெயில் வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதால், கட்டணம் குறைவு என்று குளிர்காலத்தில் போவது இந்த ஊருக்கு லாபமில்லை.

வழிகாட்டி நூல்கள் அதிகம் பேசாத ஊர் பொவே. மற்ற ஊர்களை மிஞ்ச வேண்டும் என்று 48 மீட்டர் உயரத்துக்குக் கூரை எழுப்பினார்கள். 1284இல் அதில் ஒரு பகுதி சரிந்தது. பிறகு கட்டிய கோபுரமும் 1573இல் விழுந்தது. பேராலயம் இன்றும் பாதிக் கட்டடமாகவே நிற்கிறது. பார்க்க வேண்டியதே அதுதான்.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். சுற்றிப் பார்க்க அனுமதி குறைவு. அன்றைய நாளை ஊர் மாறும் பயணத்துக்கு வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது.

1248இல் தொடங்கி 1880இல் முடிந்த கொலோன் பேராலயத்தில் கோபுரம் ஏற 533 படிகள்; பத்துமலைப் படிகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மின்தூக்கி கிடையாது. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்து, பீடத்துக்குப் பின்னால் உள்ள மூன்று ஞானிகளின் பொற்பேழையைப் பார்க்கலாம்.