பூக்கும் நாளைப் பார்த்து விதை

குளிர்நாடுகளில் தோட்டம் போடுகிறவர்கள் மண் சூடேறுவதற்காகக் காத்திருக்கிறார்கள். பனி உருகி மண் பத்துப் பதினைந்து டிகிரியைத் தொட்ட பிறகே அங்கே தக்காளி விதை அசையும். அதனால் வசந்தம் அவர்களுக்கு விதைப்புக் காலம். மதுரையில் அந்தக் கவலை இல்லை. தை மாதத்து அதிகாலையில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, வெந்தயம் என்று எதை ஊன்றினாலும், எந்த மாதத்திலும் முளைத்துவிடும். வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். விதை முளைத்துவிட்டால் பட்டம் சரி என்று நம்பிவிடுகிறோம்.

பொங்கல் கழிந்து தைப்பட்டத்தில் தக்காளி விதைத்ததாக வைத்துக்கொள்வோம். நாற்று வளர 25 நாள். பிடுங்கி நட்டபின் பூவெடுக்க இன்னும் ஒரு மாதம். அதாவது பங்குனி பிறக்கும்போது செடி பூக்கும். அந்நேரம் மதுரையில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கியிருக்கும்; இரவிலும் புழுக்கம் குறையாது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் கேட்கவே வேண்டாம். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூ கொத்துக்கொத்தாக வரும், பிஞ்சு மட்டும் இருக்காது.

அப்படி உதிர்ந்த ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் இதழ்களுக்கு நடுவே மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கும். நல்ல பருவத்தில் சூல்முடி அந்தக் கூம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பூ சற்று ஆடினாலே மகரந்தம் அதன்மேல் கொட்டிவிடும். கடும் வெயிலில் சூல்தண்டு நீண்டு, சூல்முடி கூம்புக்கு வெளியே ஊசிமுனையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகரந்தம் உள்ளே, அது சேர வேண்டிய இடம் வெளியே. அந்த மகரந்தத்திலும் பாதிக்கு உயிர் இருக்காது. பூ விரிவதற்கு ஒன்றரை வாரம் முன்பு, மொட்டு கடுகளவு இருக்கும்போதே வெப்பம் அதைக் கெடுத்துவிடுகிறது. பூத்த பிறகு உரம் வைத்தோ, மருந்து தெளித்தோ சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை இது. விதைத்த நாளிலேயே நேர்ந்துவிட்ட பிழை.

ஆகவே விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தக்காளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விதைப்புப் பருவங்களில் ஒன்று நவம்பர், டிசம்பர். மதுரைச் சமவெளிக்கு ஆண்டில் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த அடைமழை ஓய்கிற நேரம் நாற்றுவிட்டால் தையில் பூக்கும். இரவு குளிர்ந்திருக்கும், பிஞ்சு நிற்கும். ‘வருடம் முழுவதும் விதைக்கலாம்’ என்று விதை பாக்கெட்டில் அச்சடிப்பது என்னைப் பொறுத்தவரை நியாயமே இல்லை. எந்த ஊரில் என்று அதில் யாரும் சொல்வதில்லை.

தை மாதம் கொடிக்காய்களுக்கு உரியது. பாகல், புடலை, பீர்க்கு, சுரை நான்குக்கும் ஜூலையும் ஜனவரியும்தான் பரிந்துரைக்கப்பட்ட பட்டங்கள். வெண்டையும் கொத்தவரையும் மாசியில் ஊன்றினாலும் தாங்கும். இந்த மண்ணுக்கென்றே ஆய்வாளர்கள் உருவாக்கிய ரகங்கள் இருக்கும்போது வெளியூர் விதையைத் தேட வேண்டியதில்லை. யானைமலை அடிவாரத்தில் 1965இல் தொடங்கிய மதுரை வேளாண் கல்லூரி, உள்ளூர்ப் பாகல் விதையில் காமா கதிரைச் செலுத்தி, அதன் மரபணுவில் நேர்ந்த மாற்றத்திலிருந்து எம்.டி.யு. 1 ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து இதே போன்ற சடுதிமாற்ற முறையில் பெரியகுளத்தில் பிறந்தது பி.கே.எம். 1 தக்காளி.

கொடி ஏறியதும் அடுத்த புலம்பல் ஆரம்பிக்கும்: “பூவாப் பூக்குது, காய் ஒண்ணுகூட நிக்கலை.” கொடிக்காய்களில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. முதலில் வருவன பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். வெப்பமும் பகலின் நீளமும் கூடக்கூட ஆண்பூக்களின் பங்கு ஏறும். பெண்பூவுக்கு அடையாளம், இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருப்பது. மாடியில் தேனீ வரத்து குறைவென்றால் நாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தொட்டுவைக்கலாம். ஆனால் நேரம் தெரிந்து செய்ய வேண்டும். பாகலும் பூசணியும் காலையில் விரியும். பீர்க்கு சாயங்காலம் விரியும். சுரையும், நூல் பிரிந்ததுபோல் இதழ் கொண்ட புடலையும் பொழுது சாய்ந்தபின் விரிந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். காலை எட்டு மணிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தொட்டுப் பயனில்லை.

இனி விதைக்கு வருவோம். காய்ந்த விதை செத்ததன்று; மூச்சை மிகமிக மெதுவாக்கிக்கொண்டு கிடக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் நொதிகள் வேலை செய்யத் தொடங்கிச் சேமித்த மாவுப்பொருளையும் எண்ணெயையும் கரைக்கின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஊறவைப்பது நல்லது, இரண்டு நாள் மூழ்கடிப்பது கெடுதல். பாகலின் தடித்த ஓட்டை, கூர்முனையில் நகவெட்டியால் லேசாகக் கிள்ளி ஓர் இரவு ஊறவைத்தால் போதும். கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள். முறத்தில் பரப்பி, பூரிக்கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். திருநீற்றுப்பச்சை விதைக்கு ஊறலே வேண்டாம். சர்பத்தில் நாம் குடிக்கும் சப்ஜா அதுதான். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் தன்னைச் சுற்றி வழவழப்பான உறையை வளர்த்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மேலாகத் தூவி விட்டால் போதும்.

மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. இது முளைப்பில் நேராகக் கைவைக்கும். கரைந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்வதால், ஈரத்தில் கிடந்தும் விதை தாகத்தோடு கிடக்கிறது. வளர்ந்த செடி ஓரளவு சமாளிக்கும், விதையாலும் இளநாற்றாலும் முடியாது. குறைந்தது முதல் இரண்டு வாரமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரோ, பிடித்துவைத்த மழைநீரோ ஊற்றுங்கள். செம்மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு: தண்ணீர் ஊற்றிக் காய்ந்தால் மேலே ஓடு கட்டும், கீரைமுளை அதைப் பிளக்கமாட்டாமல் மடியும். நன்கு அலசிய தென்னைநார்க் கழிவும் மக்கிய தொழுவுரமும் கலந்தால் ஓடு கட்டாது. விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று பங்கு ஆழத்துக்குமேல் புதைக்காதீர்கள். கீரை விதையை எறும்பு தூக்கிப்போகும். விதைத்த இடத்தைச் சுற்றி ஒரு கை ரவையோ நொய்யோ தூவுவது பலரும் கைக்கொள்ளும் வழி. எறும்பு ரவையைச் சுமந்து தீர்ப்பதற்குள் கீரை முளைத்துவிடும்.

கோடையிலும் கொத்தமல்லி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் ஏறினால் அது இலைவிடுவதை நிறுத்தித் தண்டை உயர்த்திப் பூத்துவிடும். விதை வைத்துவிட்டுப் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் அவசரம். பங்குனிக்குப் பிறகு நிழல்வலைக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து, இளசாகவே பிடுங்கிக்கொள்வதுதான் வழி. வெந்தயக்கீரையும் அப்படியே.

பி.கே.எம். 1 போன்ற ரகங்களில் விதையை நாமே எடுத்துவைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்து விதையில் அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரிந்துபோகும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு, பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுக்கும் பூட்டு. இரண்டு நாள் புளிக்கவைத்து அலசினால் அது கழன்றுவிடும். கொடிக்காய் விதைகளைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அறைந்து காயவைக்கும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. ஈரத்தையும் சூட்டையும் குறைத்தால் விதையின் ஆயுள் கூடும். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் தோண்டியெடுத்த பேரீச்சங்கொட்டை சுமார் 2000 ஆண்டுகளுக்குப் பின் 2005இல் முளைத்தது, அந்த வறண்ட பாலைநிலம் அதைக் காத்ததால்தான்.

கறிவேப்பிலை மட்டும் இந்தக் கணக்குக்கு உடன்படாது. அதன் விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டால் சில வாரங்களில் உயிர் போய்விடும். பழம் கறுத்துக் கனிந்ததும் பறித்து, தோலையும் சதையையும் கழுவிவிட்டு, அன்றே ஊன்ற வேண்டும்.