செங்கற்பட்டுக் கலெக்டர் எழுதிய குறிப்பு

தாமல் ஏரிக்கரையில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, பஞ்சமி நிலம் என்கிறார்களே, அதைக் கொடுத்தவர் யார்?" என்று வினவினார். விடை நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே இருக்கிறது.

1891-ஆம் ஆண்டில் அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்தவர் ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர். அக்காலத்தில் இங்கே மிராசு முறை வேரூன்றியிருந்தது. தரிசு நிலம் வேண்டுமென்று கூலியாள் ஒருவர் தர்காஸ்து கொடுத்தால், அதைப் பெறும் முதல் உரிமை மிராசுதாருக்கே உண்டு. மனுச் செய்தவர் வெறுங்கையோடு திரும்புவார். குடிசை நின்ற மனையும் அவருடையதன்று. எதிர்த்துப் பேசினால் அதையும் இழக்க நேரிடும். கலியாணச் செலவிற்கென வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாய்ச் சேர்ந்தவர், நெற்கூலி பெற்றுக்கொண்டு கடன் தீராமலே உழைத்துக்கொண்டிருப்பார்.

டிரெமென்ஹீர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து, ஆதிதிராவிடர் நிலை குறித்த விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அனுப்பினார். மனைக்கு உரிமையும் உழுவதற்கு நிலமும் வேண்டும் என்பதே அதன் சாரம். ருமேனியாவில் ஜில்லா ஜில்லாவாக வேளாண்மையை ஆராய்ந்து நூல்கள் எழுதிய இயோன் இயோனெஸ்கு என்னும் அறிஞர் மறைந்ததும் அதே 1891-இல்தான். உழவர் நிலையை நேரில் கண்டு எழுதிய அதிகாரிகள் எந்நாட்டிலும் சிலரே. எங்கள் உத்தியோகத்தாருக்கு இது சற்றே உறைக்க வேண்டிய செய்தி.

அக்குறிப்பின் பயனாக, 1892 செப்டம்பர் 30-இல் சென்னை அரசு 1010, 1010-அ எண்ணுள்ள ஆணைகளைப் பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க அவை வழி செய்தன. அந்நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கவோ, ஈடு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பின்னர் மாற்றினாலும் அதே வகுப்பினருக்கே மாற்றலாம். மீறினால் மாற்றம் செல்லாது. நிலத்தை அரசு மீட்டுக்கொள்ளலாம்.

எனினும் பல ஊர்களில் அந்நிலங்கள் கைமாறிவிட்டன. சில இடங்களில் வீட்டு மனைகளாகவும் ஆகிவிட்டன. தங்கள் ஊரில் அத்தகைய நிலம் உண்டா என்றறிய விரும்புவோர், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். ஒன்றிய அலுவலகத்தில் அது கிடைக்காது. குறிப்புக் காலத்தில் 'டி.சி.' அல்லது 'நிபந்தனை' என்றிருந்தால், புல எண்ணைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுச் செய்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வினவிய உறுப்பினர் புல எண்களை எழுதிவர ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்.