புது மைப்பேனாவுக்கு முதல் மை எது?

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இந்தப் பிறந்த நாளுக்கு அவள் தாத்தா ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்தார். நிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, இதுக்கு எந்த மை ஊத்தணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் வயதில் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. அதனால் ஒரு பேனா வீணாய்ப் போனது.

அது அப்பாவின் பேனா. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. ஒருநாள் அதில் மை தீர்ந்திருந்தது. அண்ணன் படம் வரைய வைத்திருந்த கறுப்பு மை பாட்டில் கண்ணில் பட்டது. மை என்றால் மைதானே என்று ஃபில்லரால் உறிஞ்சி நிரப்பிவிட்டேன். அன்று இரண்டு பக்கம் நன்றாகவே எழுதியது. அடுத்த வாரம் எடுத்தால் ஒரு கோடுகூட விழவில்லை. வெந்நீரில் ஊறப்போட்டோம், ஊசியால் குத்தினோம். நிப் வளைந்ததுதான் மிச்சம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பேனாவைத் துடைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

அன்று நான் செய்த தவறு என்னவென்று புரிந்துகொள்ள, மைப்பேனா எப்படி எழுதுகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முடி அளவு பாதை

நிப்புக்கு அடியில், வரி வரியாகக் கறுப்பாக ஒரு பகுதி இருக்கிறதல்லவா? அதில் முடி அளவுக்கு மெல்லிய பள்ளம் ஓடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்தப் பள்ளத்தின் வழியே மை தானாகவே நிப்பின் முனைக்கு வருகிறது. வெளியேறிய மைக்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது. இந்தப் பாதை அடைபட்டால் பேனா நின்றுவிடும்.

படம் வரையும் 'இந்தியன் இங்க்'கில் இருப்பது கரித்தூள். அது தாளில் ஒட்டிக்கொள்ள அரக்கு போன்ற பசையையும் சேர்ப்பார்கள். தாளில் காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பேனாவுக்குள் காய்ந்தாலும் அப்படித்தான். தொட்டு எழுதும் நிப்புக்கு அது பொருந்தும். மைப்பேனாவுக்கு ஆகவே ஆகாது. பாட்டிலில் 'ஃபவுன்டன் பேனா மை' என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று வகை மை

மைப்பேனாவுக்கென்றே வரும் மைகளிலும் மூன்று வகை உண்டு.

முதலாவது சாய மை. தண்ணீரில் கரைந்த சாயம்தான் இது. கடைகளில் கிடைக்கும் கேமல், பிரில், பார்க்கர் குவிங்க் போன்ற சாதாரண நீல மைகள் பெரும்பாலும் இந்த வகை. பேனாவில் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

இரண்டாவது இரும்புச் சத்து கலந்த மை. வாழைக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கையும் மனையும் கறுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறை அது. இந்த மையும் அதே வேலையைத்தான் செய்கிறது. எழுதும்போது நீலமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கறுத்து, தாளில் ஊன்றிவிடும். அந்தக் காலத்து 'புளூ பிளாக்' மை இப்படித்தான் இருந்தது. இன்று அந்தப் பெயரில் வரும் எல்லாவற்றிலும் இரும்பு இருப்பதில்லை. இதில் அமிலத்தன்மை உண்டு என்பதால் அடிக்கடி பேனாவைக் கழுவ வேண்டும்.

மூன்றாவது நிறமி மை. கரையாத மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் மை. தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாது. ஆனால், வாரக்கணக்கில் எழுதாமல் விட்டால் உள்ளேயே படிந்துவிடும். மினுமினுப்புத் தூள் கலந்த மைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முதல் பாட்டில்

புதிதாக எழுதத் தொடங்குபவர் பேனாவை மூடாமல் வைப்பார், மாதக்கணக்கில் மறப்பார், சட்டையில் கொட்டுவார். இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும் மைதான் முதல் மையாக இருக்க வேண்டும். அதனால் பாட்டிலில் 'வாஷபிள்' என்று எழுதிய சாதாரண நீல மையே நல்லது. 'பெர்மனென்ட்' என்ற சொல்லைப் பார்த்து உயர்ந்த ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். துணியில் பட்டாலும் அது பெர்மனென்ட்தான்!

நம் பொதுத்தேர்வு வினாத்தாள்களிலேயே நீலம் அல்லது கறுப்பு மையில் எழுதச் சொல்கிறார்கள் என்பதால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் நீலத்தில் சிக்கல் இல்லை. காசோலை, பத்திரம், விண்ணப்பம் இவற்றுக்கு மட்டும் வாஷபிள் மை வேண்டாம். ஒரு மழைத்துளி போதும், கையெழுத்து கரைந்துவிடும்.

சிறிய பாட்டிலாகவே வாங்குங்கள். சிறிய கார்ட்ரிட்ஜில் 1 மில்லி மைகூடப் பிடிக்காது. 30 மில்லி பாட்டில் ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் வரும்.

தாளும் முக்கியம்

எழுத்து பிசிறடித்தால் மையை மட்டும் குறை சொல்ல முடியாது. மலிவான நோட்டுத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும், பின்பக்கமும் தெரியும். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். பரவினால் மெல்லிய நிப்புக்கு மாறுங்கள். இடது கையால் எழுதும் பிள்ளைகளின் கை, எழுதிய வரி மேலேயே நகரும். அவர்களுக்கு மெல்லிய நிப்பும் சீக்கிரம் காயும் மையும் தேவை.

பேனா பிழைக்க...

* மையை மாற்றும்போது, சாயம் வராத வரை சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.
* இரண்டு மைகளைக் கலக்காதீர்கள். சில ஜோடிகள் திரிந்து படிந்துவிடும்.
* மிச்ச மையைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். நாற்றம் அடித்தாலோ, மேலே ஆடைபோல் பூஞ்சை மிதந்தாலோ அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.
* நீண்ட விடுமுறைக்கு முன் பேனாவைக் காலிசெய்து, கழுவிக் காயவையுங்கள்.
* உடம்பிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனாவில் மை குறையும்போது உள்ளே காற்று நிறையும். கைச்சூட்டில் அது விரிந்து மையைக் கக்கவைக்கும். கால்வாசிக்கு வருமுன் நிரப்பிவிடுங்கள்.

மகளும் நானுமாகக் கடைக்குப் போய் நீல வாஷபிள் மையை வாங்கி வந்தோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலின் லேபிளை வாசித்தார்.

"இது தண்ணி பட்டா போயிடுமே?"

"அதுக்குத்தான் தாத்தா வாங்கினோம்" என்றாள் மகள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே எழுந்துபோய் பீரோவைத் திறந்து, அந்தப் பழைய பேனாவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "இது எழுதாது. உங்கம்மா எந்த மை ஊத்தினான்னு கேளு."

நானே சொன்னேன்.