கோழித் தீவனத்துல ஓட்டை இருந்தா, உங்க இஎம்ஐ-லயும் ஓட்டை விழும்!

போன வாரம் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை வீடியோ போட்டதுக்கு அப்புறம், பல்லடம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினாரு. நாலு தறியை வித்துட்டு, மீதிக்கு பேங்க் லோன் வாங்கி 5,000 கோழிக்கு ஷெட் போட்டவர். "தம்பி, ரெண்டு பேட்ச்சா கோழி எடையே ஏற மாட்டேங்குதுங்க. தடுப்பூசி எல்லாம் கரெக்டாதான் போட்டேன். அப்புறமும் வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சு"னு சொன்னாரு.

நான் கேட்ட முதல் கேள்வி, தீவன மூட்டையை எங்க அடுக்கி வச்சிருக்கீங்க? சுவரை ஒட்டி, வெறும் தரையில. மேல ஷீட்டு ஒழுகுது.

இது டாக்டர் விஷயம் இல்லையா, ஃபைனான்ஸ் சேனல்ல எதுக்குன்னு நினைப்பீங்க. கறிக்கோழி உற்பத்திச் செலவுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு தீவனம்தான். அதனால இது முழுக்க பண விஷயம்.

தடுப்பூசி ஒரு எச்சரிக்கை மணி மாதிரி. மணி அடிச்சா ஓடி வர்றதுக்கு உடம்புல ஆள் இருக்கணும். அந்த ஆளைத் தயார் பண்றது தீவனம். மெத்தியோனின், லைசின் மாதிரி அமினோ அமிலம் குறைஞ்சா எதிர்ப்புப் புரதம் சரியா உருவாகாது. வைட்டமின் ஏ குறைஞ்சா மூச்சுக்குழாய், குடலோட உள்சவ்வு காய்ஞ்சு போயி கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் மூணும் எதிர்ப்பு செல்களைக் காப்பாத்துற சாமான்.

ஆனா நம்ம ஊர்ல பெரிய வில்லன் பூஞ்சணம்தான். மக்காச்சோளத்துல ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். அதுல இருந்து வர்ற அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். எதிர்ப்பு செல் வளர்ற பர்சா, தைமஸ் ரெண்டையும் சுருக்கிடும். கோழி உடனே சாகாது. தடுப்பூசி போட்டும் ஏறாது, அவ்வளவுதான். இந்த நச்சையே உலகம் கண்டுபிடிச்சது பறவையாலதான். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துச்சு, காரணம் பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். 5,000 கோழி, ஒண்ணு 2 கிலோன்னா மொத்தம் 10,000 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தின்ன கோழி, உடம்பு சரியில்லாம 1.7 தின்னா கூடுதலா 1,000 கிலோ தீவனம். கிலோ 40 ரூபாய்னு வச்சுக்குங்க, 40,000 ரூபாய். தீவனம் கம்பெனியோடதுதானேன்னு விட முடியாது. உற்பத்திச் செலவு கூடினா வளர்ப்புக் கூலி குறையும்கிறதுதான் பெரும்பாலான ஒப்பந்தம். கூலி கிலோவுக்கு 6.50 ரூபாய்னா உங்களுக்கு 65,000 வரணும். அந்த 40,000-ல பாதி உங்க தலையில விழுந்தாலே 45,000தான் கைக்கு வரும். கரண்ட், நார்க்கழிவு, ஆள் கூலி எல்லாம் அதுலதான்.

உடுமலைப்பேட்டைல 1984-ல சுகுணா ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இந்த ஒப்பந்த முறை நம்ம பெல்ட்ல பரவுச்சு. விலை ரிஸ்க்கை கம்பெனி எடுத்துக்கிச்சு, அது நல்லதுதான். ஆனா தீவனத்தைத் தேர்ந்தெடுக்குற உரிமை நமக்கு இல்லை, விளைவுல மட்டும் பங்கு உண்டு. என்னைக் கேட்டா ஒப்பந்தத்துல படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுதான்.

அண்ணன்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். மூட்டையை மரப்பலகை மேல, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்க. ஒவ்வொரு லோடுலயும் அரை கிலோ எடுத்து, தேதி, பேட்ச் நம்பர் எழுதி வைங்க. சந்தேகம் வந்தா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கு. தடுப்பூசியைத் தண்ணில குடுக்குறப்போ குளோரின் இருக்கக் கூடாது, மருந்து செத்துடும். பால் பவுடர் கலந்துக்கலாம். சித்திரை வெயில்ல கோழி தீவனத்தைக் குறைச்சிடும், அதனால விடிகாலையிலயும் ராத்திரியிலயும் போடுங்க.

அப்புறம் அந்த 'இம்யூனிட்டி டானிக்' பாட்டில். தீவனத்துல ஏற்கனவே போதுமான அளவு இருக்குற வைட்டமினை இன்னும் ஊத்தினா எதிர்ப்பு சக்தி ஏறிக்கிட்டே போகாது. குறை இருந்தாத்தான் பலன். பூஞ்சண நச்சை டானிக் எடுக்காது. கொலிஸ்டின் மாதிரி ஆன்டிபயாட்டிக் யாராவது நீட்டினா வாங்காதீங்க, கால்நடைக்கு அதை 2019-லயே மத்திய அரசு தடை பண்ணிருச்சு.

அண்ணன் நேத்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாரு. பழைய தறிக் கட்டையை அறுத்து மேடை போட்டு, அது மேல மூட்டை. ஒழுகுற ஷீட்டை மட்டும் இன்னும் மாத்தலை, அடுத்த பேட்ச் பணம் வரணுமாம்.