ஊருக்கே கடன் கொடுக்கலாமா?

நாலு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிச் சீட்டில் பன்னிரண்டாயிரம் ரூபாயைப் பறிகொடுத்தேன். என் கணவர் பட்டாசு ஆபீசில் ஓவர்டைம் பார்த்துக் கொண்டுவந்த காசு அது. சீட்டு நடத்தியவர் ராவோடு ராவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வட்டி, பத்திரம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும்.

போன மாதம், மதுரையில் வங்கி வேலை பார்க்கும் என் தம்பி மகன் வெம்பக்கோட்டைக்கு வந்திருந்தான்.

"அத்தை, நம்ம அணைத் தண்ணி சிவகாசிக்குப் போகுதே, அந்த மாதிரி குழாய் போட முதல் யாரு கொடுப்பா?" என்றான்.

"கவர்மெண்டுதான்."

"எப்பவும் இல்ல. ஊரே கடன் வாங்கும். நாமளும் கொடுக்கலாம்."

எனக்குப் புரிந்தவரை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. வரிப் பணம் சிறுகச் சிறுகத்தான் வரும். குழாய்க்கோ மொத்தமாக வேண்டும். அதனால் நகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிடுகின்றன. பெரிய ஊரை நம்பிக் கொடுப்பார்கள். சின்ன ஊரை?

அதற்காகத்தான் 1996-ல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வந்தது. முதலில் பெரும்பங்கு மாநில அரசுடையது. மிச்சத்தை ஐ.சி.ஐ.சி.ஐ., எச்.டி.எஃப்.சி., ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ஆகிய மூன்று நிறுவனங்கள் போட்டன. ஆனால், அதை நிர்வகிக்க ஏற்பட்ட கம்பெனியில் அரசுக்கு 49 சதவீதம்தான். 51 சதவீதம் அந்த மூவருக்கு.

"காசு பெரும்பாலும் அரசோடது, பெட்டிச் சாவி மட்டும் அவங்க கையிலயா?" என்று கேட்டேன்.

"சிபாரிசுக்குக் கடன் போயிடக் கூடாது அத்தை. திருப்பிக் கட்டுற ஊரான்னு கணக்குப் பார்த்துக் கொடுக்கணும்ல!"

பிறகு 2002-03-ல் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக ஒரு கூட்டு நிதியம், 13 சிறு ஊர்களைச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. நம் மகளிர் குழுவில் எல்லோருமாகச் சேர்ந்து கடன் வாங்குகிறோமே, அதே கதைதான். ஓர் ஊர் தவணை தவறினால், மாநில அரசு அதற்குத் தரவேண்டிய பங்கிலேயே பிடித்துக்கொள்ளலாம். பாதி அசலுக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பு ஜாமீன் நின்றது.

இப்படிப்பட்ட பத்திரங்களைப் பெரும்பாலும் வாங்குவது வங்கி, இன்ஷூரன்ஸ், பி.எஃப். போன்றவைதான். அது யார் பணம்? நாம் போட்ட டெபாசிட்டும், கட்டிய பிரீமியமும்தானே! நமக்கே தெரியாமல் எத்தனையோ ஊர்களுக்கு நாம் கடன் கொடுத்திருக்கிறோம்!

நேரடியாகவும் கொடுக்கலாம். 2023-ல் இந்தூர் மாநகராட்சி, நர்மதைத் தண்ணீரை இறைக்கும் மின்சாரச் செலவைக் குறைக்கச் சூரிய மின்நிலையம் கட்டப் பொதுமக்களிடம் பத்திரம் விற்றது. குறைந்தது பத்தாயிரம் ரூபாய், வட்டி 8.25 சதவீதம்.

உடனே ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள். பெரிய பெயரே பாதுகாப்பு ஆகாது. மேலே சொன்ன மூன்றில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். 2018-ல் தன் கடனையே கட்ட முடியாமல் தத்தளித்தது. பணம் எந்த வேலைக்குப் போகிறது? எந்த வருமானத்திலிருந்து திரும்பி வரும்? நடுவில் அவசரமென்றால் விற்க முடியுமா? இந்த மூன்றையும் கேளுங்கள்.

நான் இன்னும் வாங்கவில்லை. அவசரத்துக்கான காசு தபால் ஆபீசிலேயே இருக்கிறது. ஆனால், சீட்டுக்காரரிடம் இந்த மூன்று கேள்வியில் ஒன்றையாவது கேட்டிருந்தால், அந்தப் பன்னிரண்டாயிரம் தப்பியிருக்குமே என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது.