பேரனின் வண்டிக்கும் ஒரு வெள்ளோட்டம்

திருவாரூர் ஆழித்தேர் வீதிக்கு வருகிறது என்றால் ஊரே திரண்டு வடம் பிடிக்கும். அலங்காரம் நிறைவுற்ற நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அத்தேரில் தியாகராஜப் பெருமானே எழுந்தருளுகிறார். ஆயினும், ‘இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்று தேரை அப்படியே நிலையிலிருந்து யாரும் இழுத்துவிடுவதில்லை. சக்கரம், அச்சு, இணைப்புகள் அனைத்தையும் பொதுப்பணித் துறையினர் ஆய்வு செய்து உறுதிச் சான்று அளிக்க வேண்டும். அந்தத் தேரின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தில் உருவானவை. அதுவும் போதாதென்று, முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அருகிலேயே விழிப்புடன் நடந்து வருவர்.

புதிதாகச் செய்த தேர், அல்லது திருப்பணி கண்ட தேர் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன்பாக வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குத்தான் வெள்ளோட்டம் என்று பெயர்.

சுவாமியின் தேருக்கே வெள்ளோட்டம் தேவைப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளை ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு?

இக்கேள்வி இன்று பல இல்லங்களில் எழ வேண்டிய கேள்வி. “பாட்டி, அறுபடை வீட்டையும் பைக்கிலேயே போய்த் தரிசித்துவிட்டு வருகிறேன்” என்று பேரன் சொல்லும்போது, பக்தியை எண்ணி மகிழ்வதா, பயணத்தை எண்ணி அஞ்சுவதா என்று தெரியாமல் பெரியவர்கள் திகைக்கிறார்கள். சென்னையில் புறப்பட்டு திருத்தணி, சுவாமிமலை, பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி ஆகிய தலங்களைத் தரிசித்துத் திரும்பினால் ஏறக்குறைய 1,500 கி.மீ. ஆகும். ‘போகாதே’ என்று தடுத்தால் பிள்ளையின் மனம் வாடும். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிட்டால் மட்டும் நம் கடமை முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை.

பூஜையின் உள்ளே இருக்கும் சோதனை

சென்னை பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் ஆலயத்தின் முன் புதிய வாகனங்கள் பூஜைக்காக வரிசையாக நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். எந்த ஊரானாலும் ஓர் எல்லைத் தெய்வத்தின் முன், அல்லது பிள்ளையார் சந்நிதியின் முன் வண்டியை நிறுத்திச் சூடம் காட்டிய பிறகே பயணம் தொடங்குவது நம் மரபு.

இந்த மரபின் வேர் ஆயுத பூஜையில் இருக்கிறது. அந்நாளில் நம் முன்னோர் கலப்பை, அரிவாள், தராசு, தறி, உளி என்று தத்தம் தொழிற்கருவிகளை வெளியே எடுத்தார்கள். அழுக்கும் துருவும் நீக்கினார்கள். ஆட்டம் கண்ட கைப்பிடியை இறுக்கினார்கள், மழுங்கிய முனையைத் தீட்டினார்கள். அதன் பின்னரே சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். ஆக, கருவியைச் சோதித்துச் செம்மைப்படுத்துவது பூஜையின் முற்பகுதி, தீபாராதனை அதன் நிறைவு. முற்பகுதியை விட்டுவிட்டு நிறைவை மட்டும் செய்வது, சமைக்காமலே நைவேத்தியம் செய்வது போலாகும்.

பத்து நாட்களுக்கு முன்பே தொடங்குக

நெடும்பயணத்துக்குப் புறப்படும் முதல்நாள் மாலை வண்டியை மெக்கானிக்கிடம் விடுவது பலரின் வழக்கம். இது தவறு. குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே சர்வீஸ் முடிந்துவிட வேண்டும். பேரனிடம் பெரியவர்கள் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. அவற்றுக்கு இயந்திர அறிவு தேவையில்லை, அக்கறை போதும்.

முதலாவது, டயர். அதன் பள்ளங்களுக்கு நடுவே தேய்மான அளவைக் காட்டும் சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே தீர வேண்டும். மழையில் நீரை விலக்கித் தரையைப் பற்றுவது அந்தப் பள்ளங்களே. பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தென்பட்டாலும் அதே முடிவுதான். காற்றின் அளவை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். ஒருவர் செல்வதற்கு ஓர் அளவும், பின்னால் இன்னொருவர் அமர்ந்தால் வேறோர் அளவும் வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பிரேக். பிரேக் கட்டைகள் எவ்வளவு தேய்ந்துள்ளன, பிரேக் எண்ணெய் உரிய அளவில் உள்ளதா, அதனை மாற்றி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்க வேண்டும். நாட்பட்ட பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பிடி தளர்ந்துவிடும்.

மூன்றாவது, செயின். அது தளர்ந்தும் இருக்கக்கூடாது, விறைத்தும் இருக்கக்கூடாது. விரலால் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு முதல் மூன்று செ.மீ. வரை அசையும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளது. நெடும்பயணத்தில் ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். திருச்செந்தூர் போன்ற கடற்கரைத் தலத்தில் இரவு தங்கினால், உப்புக்காற்று பட்ட செயினை மறுநாள் காலை துடைத்து எண்ணெய் இட்ட பிறகே புறப்படுவது நன்று.

இவற்றோடு என்ஜின் ஆயில், பேட்டரி, முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு கிளட்ச் கேபிள், சிறு கருவிகள் ஆகியவை உடன் இருக்கட்டும். வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய நான்கும் காலாவதியாகாமல் உள்ளனவா என்று தேதியைப் பார்ப்பது தாத்தா எளிதில் செய்யக்கூடிய பணி.

வெள்ளோட்டம்

சர்வீஸ் முடிந்த வண்டியை நேரே நெடும்பயணத்துக்கு எடுக்கக்கூடாது. புதிதாக மாட்டிய டயரின் வழவழப்பு நீங்க ஏறத்தாழ 150 கி.மீ. வரை நிதானமாக ஓட்ட வேண்டும். புதிய பிரேக் கட்டைகளும் சிறிது தூரம் ஓடிப் படிந்த பிறகே முழுமையாகப் பிடிக்கும். சரியாக இறுக்காமல் விட்ட ஒரு திருகாணி தன் குறையைக் காட்டுவதும் ஓட்டத்தில்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் திருத்தணியே சிறந்த வெள்ளோட்டம். போய்வர ஏறத்தாழ 170 கி.மீ. ஆகும். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏறிச் சென்று தரிசிக்கலாம், அல்லது மலைமேல் செல்லும் சாலை வழியே வண்டியிலேயே போகலாம். இறங்கும்போது குறைந்த கியரில் இறங்கினால் பிரேக்குக்குச் சுமை குறையும். பயணத்தின்போது கட்டப்போகும் மூட்டைகளையே அன்றும் கட்டிச் சென்றால், எது ஆடுகிறது, எது சரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அன்று இரவு வண்டி வாசலில் நிற்கட்டும். மறுநாள் விடியலில் கோலம் போட வரும் பாட்டி, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த ஒரு சொட்டு, 500 கி.மீ. தொலைவில் நடுவழியில் தெரியவேண்டிய குறையை வீட்டு வாசலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். குறைகளைச் சரிசெய்ய இன்னும் நாட்கள் இருக்கின்றன என்பதே வெள்ளோட்டத்தின் பயன்.

பூஜை நாளில் கவனிக்க வேண்டியவை

பக்தியோடு செய்யும் காரியமே ஆபத்தாகிவிடக்கூடாது. முன்விளக்குக் கண்ணாடியின் மீது சந்தனம், குங்குமம் இடுவதைத் தவிர்த்து, பெட்ரோல் டேங்கின் மீது இடலாம். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் மஞ்சளோ, எண்ணெயோ, பளபளப்புத் தைலமோ படவே கூடாது. பட்டால் பிடிமானம் போய்விடும். மாலையைப் பூஜை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். காற்றில் ஆடி அறுந்த மாலை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும். பின்னால் அமர்பவரின் புடவைத் தலைப்பும், தோளில் தொங்கும் துண்டும் அவ்வாறே. செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் விளைவு கொடியது.

திருஷ்டிப் பூசணிக்காயை நடுச்சாலையில் உடைப்பதும் கூடாது. நம் பேரனின் திருஷ்டி கழிய உடைத்த பூசணி, பின்னால் வரும் வேறொரு வீட்டுப் பேரனை வழுக்கி விழச் செய்யுமானால், அது எவ்வாறு நன்மை தரும்? ஓரமாக உடைத்து, உடனே துண்டுகளை அகற்றிவிட வேண்டும்.

இரு கவசங்கள்

தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசத்தைப் பாராயணம் செய்யாத முருக பக்தர் அரிது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று வேண்டும் நூல் அது. அதனை நாவால் ஓதுகின்ற பிள்ளை, தலையில் அணியும் கவசத்தை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகலாமா? வண்டி ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே வார் பூட்டப்பட வேண்டும், வார் பூட்டாத கவசம் விழும்போதே தலையை விட்டுக் கழன்றுவிடும். ஒருமுறை விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் மீண்டும் பயன்படாது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு தர எண்ணும் தாத்தா பாட்டிக்கு இதைவிடச் சிறந்த பொருள் வேறில்லை.

நல்ல நேரமும் நிதானமும்

நாள் பார்த்துப் புறப்படுவது நம் வழக்கம். ஆனால் ‘இராகு காலம் பிறப்பதற்குள் ஊரைத் தாண்டிவிடு’ என்று அவசரப்படுத்தினால், பிள்ளை பதற்றத்தோடு வண்டியை முடுக்குவான். நம் பெரியோர் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குறித்த நல்ல நேரத்தில் புறப்பட இயலாதவர்கள், பயணப் பை ஒன்றை அந்நேரத்தில் அண்டை வீட்டிலோ ஆலயத்திலோ வைத்துவிடுவார்கள். இதனைப் பரஸ்தானம் வைத்தல் என்பார்கள். பின்னர் எப்போது புறப்பட்டாலும் நல்ல நேரத்தில் புறப்பட்டதாகவே கொள்ளப்படும். அவசரத்தை அகற்றுகின்ற அருமையான ஏற்பாடு இது.

இருள் நீங்காத அதிகாலையில் உறக்கம் கண்ணைச் சுழற்றும். ஆகவே நன்றாக உறங்கி எழுந்து, வெளிச்சம் வந்த பின் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்வது உத்தமம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்து, நீர் அருந்த வேண்டும். விரதம் இருப்பவர்கள் நீராகாரமேனும் அருந்தாமல் வெயிலில் வண்டி ஓட்டக்கூடாது. மயக்கம் வந்தால் வண்டியின் எந்தச் சிறப்பும் காப்பாற்றாது.

இறுதியாக ஒன்று, இது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கே உரியது. பேரன் சாலையில் இருக்கும்போது தொலைபேசியில் அழைக்காதீர்கள். ‘எங்கே இருக்கிறாய்?’ என்ற பாசக் குரலுக்காக அவன் ஒரு கையால் கைபேசியை எடுக்கும் அந்த நொடியே ஆபத்தானது. வண்டி ஓடும்போது அழைக்க மாட்டோம் என்று பெரியவர்களும், ஒவ்வொரு கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தவுடன் அழைக்கிறேன் என்று பேரனும் புறப்படும் முன்பே வாக்குக் கொடுத்துக்கொள்ளட்டும். ஆறு தலங்கள், ஆறு அழைப்புகள். அந்த இடைவெளியில் மனம் கலங்கினால், பூஜை அறையில் ஒரு விளக்கேற்றி அமர்ந்து கவசத்தைப் பாராயணம் செய்யலாம்.

ஆழித்தேர் நிலையை விட்டுப் புறப்படும்போது வடம் பிடிப்போர் முன்னே நோக்கிச் செல்கிறார்கள். முட்டுக்கட்டை போடுவோரோ சக்கரத்தையே நோக்கியபடி வருகிறார்கள். இருவர் செய்வதும் இறைத்தொண்டே. தேர் திரும்ப நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் திருவிழா நிறைவு பெறும். பேரனின் பயணமும் அவ்வாறே. ஆறு தலங்களின் பிரசாதமும் கையுமாக அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கும் அந்த நேரத்தில்தான் அந்த யாத்திரை நிறைவு பெறுகிறது.

வேலும் மயிலும் துணை!