சர்வர் கனெக்ட் ஆகலையா? பர்ஸைத் திறக்கும் முன் எரரைப் படிங்க!

சம்பளத்துக்கு மேல கொஞ்சம் சம்பாதிக்கலாம்னு சனி, ஞாயிறுல வெப் அப்ளிகேஷன் செய்து கொடுக்கிறவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. லேப்டாப்பில் எல்லாம் பக்காவா ஓடும். கிளவுட் சர்வரில் ஏற்றினதும் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகாது.

என் முதல் பிராஜெக்ட்டிலும் இதே கதைதான். சர்வருக்குப் பவர் பத்தலை போலன்னு நினைச்சு பெரிய பிளானுக்கு மாறினேன். அப்பவும் ஓடலை. கடைசியில் பார்த்தா, தப்பு ஒரே ஒரு வார்த்தையில்: லோக்கல்ஹோஸ்ட். அந்த மாச லாபம் அந்தப் பிளானுக்கே போச்சு.

லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1 என்றால் 'இதே மெஷின்' என்று அர்த்தம். லேப்டாப்பில் அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே வீட்டில் இருந்ததால் வேலை நடந்தது. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்தால், அந்த சர்வரின் முகவரியைத்தான் கான்ஃபிக் ஃபைலில் கொடுக்கணும்.

முகவரி சரின்னா, எரர் மெசேஜைப் படிங்க. பாதி பதில் அதிலேயே இருக்கும்.

1. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு': பெரும்பாலும் மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த போர்ட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. டேட்டாபேஸ் ஓடுதா, போர்ட் எண் சரியா என்று பாருங்க. மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமா 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432. டேட்டாபேஸின் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருந்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பை அது ஏற்காது.

2. 'டைம்டு அவுட்': பதிலே வரலை. முதல்ல ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்க.

3. 'ஆக்சஸ் டினைடு': வழி சரி. யூசர், பாஸ்வேர்ட், எந்த ஐபியிலிருந்து வரலாம் என்ற அனுமதி, இந்த மூன்றில் ஏதோ ஒன்று தப்பு.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் ஃபயர்வாலில் 0.0.0.0/0 போட்டுடாதீங்க. ஊருக்கே கதவைத் திறந்து வைக்கிற வேலை அது. கிளையண்ட்டோட டேட்டா போச்சுன்னா, வாங்கின காசோடு உங்க பேரும் போயிடும். அப்ளிகேஷன் சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

சோதனைக்காக எடுத்ததை வேலை முடிஞ்சதும் நீக்கிடுங்க. அமேசான் வெப் சர்வீசஸில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். 30 நாளைக்கு 3.60 டாலர். சர்வரை நிறுத்தி வைத்தாலும் அதன் டிஸ்க்குக்கு மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்த முறை 'அப்கிரேட்' பட்டன் கண்ணில் பட்டா, கையை எடுத்துட்டு எரரை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. ஒவ்வொரு செட்டிங்கையும் திரையில் காட்டின வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. அடுத்த பதிவில் சந்திப்போம்!